மீன் இல்லாத ஒரு மாதம்: புதிய மீன்தொட்டி பற்றி வாசகர் கேள்விகள்

புதிதாக மீன்தொட்டி வாங்கியவர்களிடமிருந்தும் வாங்கவிருப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. கடல்நீர்த் தொட்டியின் தேவைகள் வேறானவை. இங்கே கூறப்படுபவை நன்னீர்த் தொட்டிக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டடி நீளத் தொட்டி வாங்கி, கடைக்காரர் சொன்னபடி மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி வைத்துவிட்டு ஆறு தங்கமீன்களை விட்டோம். தண்ணீர் கடைசி வரை தெளிவாகவே இருந்தது. ஆயினும் இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக எல்லாமே இறந்துவிட்டன. தண்ணீரில் என்ன குறை இருந்தது?
– வாசகி, வேளச்சேரி, சென்னை

மூன்று நாள் நிறுத்தி வைத்ததால் கிடைத்த பயன், குழாய்நீரில் கலந்திருந்த குளோரின் வெளியேறியது ஒன்றுதான். குளோரின் மீனின் செவுள்களை அரிக்கக்கூடியது என்பதால் அது போக வேண்டியது அவசியமே. ஆனால் குளோரின் கொல்வதாக இருந்தால் முதல் நாளிலேயே கொன்றிருக்கும். தெளிந்த நீரில், முதல் சில நாள்கள் நன்றாக நீந்திய மீன்கள் இரண்டாம் வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இறப்பது பெரும்பாலும் அம்மோனியாவின் வேலை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் அது நீரில் கலந்திருக்கும்போதுகூட மூக்குக்கு எட்டாது. ஆகவே தெளிவை வைத்து நீரின் தரத்தைக் கணிக்க இயலாது.

மீன் தன் உடலின் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் எச்சமும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு குளத்தில் இந்த அம்மோனியாவை மண்ணிலும் கல்லிலும் செடியிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் 1890-ஆம் ஆண்டை ஒட்டி மண்ணில் கண்டறிந்து விளக்கிய அதே செயல்தான் மீன்தொட்டியின் வடிகட்டியிலும் நடைபெறுகிறது. இவற்றுள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் நச்சு. நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து அது பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால், மீன் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கும். செவுள் பழுப்பாக மாறும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லை. அவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. வடிகட்டியின் பஞ்சு, கூழாங்கல், கண்ணாடி ஆகியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்பவை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவைப்போல ஓர் இரவில் பெருகிவிடுபவையும் அல்ல. தம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க அவற்றுக்கு அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றின் உணவே அம்மோனியாதான். மீனும் இல்லாமல், அம்மோனியாவும் இல்லாமல், வடிகட்டியை மட்டும் ஒரு மாதம் ஓடவிட்டாலும் அந்தத் தொட்டி தயாராவதில்லை. ‘தண்ணீரைப் பழக்குதல்’ என்று நம் ஊரில் சொல்லப்படுவதில் உள்ள குறை இதுதான். பழக வேண்டியது நீரன்று, வடிகட்டி. அதற்கும் நாள்தோறும் உணவு வேண்டும்.

இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். நீரின் பி.எச்., அதாவது அதன் அமில, கார நிலையைக் காட்டும் அளவு, உயர உயர அம்மோனியாவின் நச்சு கூடுகிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் சுமார் 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். அதே நீர் 30 டிகிரிக்குச் சூடானால் 7.5 விழுக்காடு அளவுக்குச் செல்லும். ஆழ்துளைக் கிணற்று நீரும் கோடை வெயிலும் சேர்ந்தால் நேர்வது இதுவே. மற்றொன்று, இரண்டடித் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் என்பது மிக அதிகம். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிவை வெளியேற்றும் இனம். நன்கு வளர்ந்தால் அரையடியைத் தாண்டக்கூடியது. இதைச் சொல்லாமல் விற்பது சரியன்று என்பது என் கருத்து.

மீன் விடாமலேயே பாக்டீரியாவை வளர்க்க அம்மோனியா சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அதை எங்கே வாங்குவது, எவ்வளவு சேர்ப்பது?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் கடையில் கட்டியாகக் கிடைப்பதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் தூய அம்மோனியம் குளோரைடைக் கேட்டு வாங்குங்கள். சிறிய பாட்டில் ஒன்று பல தொட்டிகளுக்குப் போதும். அதே கடையில் கிடைக்கும் செறிந்த அம்மோனியாக் கரைசல் கண்ணையும் நுரையீரலையும் தாக்கக்கூடியதாகையால் வீட்டில் அதை வைத்துக்கொள்ள வேண்டா.

அம்மோனியம் குளோரைடில் 3.15 கிராம் எடுத்தால் அது 1 கிராம் அம்மோனியாவுக்குச் சமம். ஆகவே இந்த உப்பில் 3.15 கிராமை 100 மில்லி லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அந்தக் கரைசலில் 10 மில்லி, 50 லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் அம்மோனியாவைத் தரும். நமக்கு வேண்டிய அளவு அதுவே. கூடுதலாகச் சேர்த்தால் வேலை விரைவில் முடியும் என்று எண்ணிவிட வேண்டா. அளவு மிஞ்சினால் அந்தப் பாக்டீரியாக்களே தடைப்படும்.

குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, முதல் நாள் 10 மில்லி சேர்க்க வேண்டும். அதன்பின் இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனைத் திரவங்களைக் கொண்டு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து குறித்து வர வேண்டும். முதல் வாரத்தில் பெரும்பாலும் எதுவும் மாறாது. பலர் பொறுமையிழந்து மீன் வாங்கிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூச்சியத்தை நெருங்கும்போதெல்லாம் மீண்டும் சேர்க்க வேண்டும். நைட்ரைட் சோதனையின் நிறம் அட்டையின் உச்சத்தில் நிற்கும் நாள்களில் பாதி அளவு போதும். இரண்டாவது பாக்டீரியாக் கூட்டம் வளர முதலாவதைக் காட்டிலும் நாள் பிடிக்கும் என்பதால், நைட்ரைட் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் ஒரு காலம் வரும். பின்னர் ஓரிரு நாளில் சட்டென்று இறங்கும்.

2 மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் முழுவதும் மறைந்து, நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். தொடர்ந்து சில நாள்கள் அப்படியே இருந்தால் தொட்டி தயார். நம் சமவெளி ஊர்களில் நீர் 27 முதல் 30 டிகிரி வரை இருப்பது இதற்கு மிகவும் உகந்தது. நான்கு முதல் ஆறு வாரம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு முறை சேர்க்கும் 2 மில்லிகிராம் அம்மோனியாவும் சுமார் 7 மில்லிகிராம் நைட்ரேட்டாக முடிவதால், கடைசியில் நைட்ரேட் மிகுந்திருக்கும். மீன் விடுவதற்கு முந்தைய நாள் முக்கால் பங்கு நீரை மாற்றிவிட வேண்டும். பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் இருப்பதால் நீர் மாற்றத்தால் அது குறையாது.

அம்மோனியம் குளோரைடு கிடைக்காதவர்கள் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடலாம். அளவு தெரியாது, சற்று நாற்றமும் எழும், ஆனாலும் நடக்கும். எல்லாவற்றையும்விட விரைவான வழி, ஓராண்டாவது நோயின்றி ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டிக்குள் வைப்பது. அதை ஈரம் காயாமல் அந்தத் தொட்டி நீரிலேயே கொண்டுவர வேண்டும். குழாய்நீரில் அலசினால் குளோரின் அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இப்படிச் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடியக்கூடும். சோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஒரு மாதம் மீன் இல்லாமல் தண்ணீரை வைத்திருந்தால் கொசு முட்டையிடாதா? மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள்.
– வாசகி, மதுரை

நியாயமான கவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதுவும் வீட்டுக்குள் தேங்கிய நல்ல நீரையே விரும்புவது. தொட்டியின் வாயை இடைவெளியில்லாமல் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டுங்கள். காற்று போக வழியிருக்கும். காற்றுக்குழாயின் குமிழிகள் நீர்மட்டத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தால் புழுக்கள் வாழ்வது கடினம் என்றாலும், மூலையில் அசைவற்ற இடம் இருக்கும் என்பதால் வலையையே நம்புங்கள். கொசு மருந்து எதையும் தொட்டியில் ஊற்ற வேண்டா. தொட்டி உள்ள அறையில் அதைத் தெளிப்பதும் கூடாது; காற்றுப் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் நீருக்குள் செலுத்துகிறது.

சிறுவாணித் தண்ணீர் மிகச் சுத்தம் என்பதால் அதையும், போதாதபோது ஆர்.ஓ. கேன் தண்ணீரையும் நிரப்பினேன். மூன்று வாரம் அம்மோனியா இறங்கியது. இப்போது இரண்டு வாரமாக அப்படியே நிற்கிறது. என்ன காரணம்?
– வாசகர், கோயம்புத்தூர்

சுத்தம்தான் காரணம். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த வேலையின்போது அமிலத்தை உண்டாக்குகின்றன. அதைத் தாங்கிக்கொள்ள நீரில் கரைந்த கார்பனேட் உப்புகள் வேண்டும். அம்மோனியாவாக உள்ள நைட்ரஜன் ஒரு கிராம் மாறும்போது, சுண்ணாம்புக்கல் கணக்கில் 7 கிராமுக்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் அந்தத் திறன், செலவாகிறது. சிறுவாணி நீர் இயல்பிலேயே மென்மையானது, ஆர்.ஓ. நீரிலோ உப்பு அநேகமாக இல்லை. இருந்த சிறிதளவும் தீர்ந்ததும் பி.எச். சரிந்து, 6-ஐ நெருங்கும்போது பாக்டீரியாக்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகின்றன. அளந்து பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மீன் இன்னும் இல்லாததால் சரிசெய்வது எளிது. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம், சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் காரத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவுக்கு உயரும். சில நாளில் வேலை மீண்டும் தொடங்கும். நிலையான ஏற்பாடாக, கழுவிய கிளிஞ்சல் துண்டுகளைச் சிறிய வலைப்பையில் கட்டி வடிகட்டியின் அருகே வைக்கலாம். நீர் அமிலமாகும்போது அவை மெதுவாகக் கரைந்து ஈடுகட்டும். மீன்தொட்டிக்குக் கேன் தண்ணீர் வாங்குவது பணச் செலவு மட்டுமன்றி, இந்தத் தொல்லையையும் வலிய வாங்குவதாகும். மிகவும் உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டிய இடங்களில்தான் ஆர்.ஓ. நீருக்குப் பயன் உண்டு.

கிணற்று நீரை நிரப்பிய முதல் நாளே நைட்ரேட் சோதனையில் நிறம் காட்டுகிறது. தொட்டி தயாராகிவிட்டது என்று கொள்ளலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கொள்ளக் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையில் தேங்குவது. தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைட்ரேட் அந்த நீரில் எளிதில் இறங்கிவிடுவதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. ஆகையால் நீங்கள் காண்பது கிணற்றிலிருந்தே வந்த நைட்ரேட்டாக இருக்கலாம். நிரப்பும் முன் கிணற்று நீரைத் தனியே சோதித்து அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னர் ஏறுவது எவ்வளவு என்று விளங்கும். மேலும், நைட்ரேட் சோதனைத் திரவங்கள் பல, நீரில் நைட்ரைட் இருந்தாலும் நிறம் காட்டும். தொட்டி தயாரா என்பதற்குச் சான்று அம்மோனியாவும் நைட்ரைட்டும் இறங்குவதே அன்றி நைட்ரேட் தோன்றுவதன்று. உங்கள் நீரின் கடினத்தன்மைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை அத்தகைய நீரில்தான் நன்றாக வாழும். மென்மையான நீரை விரும்பும் நியான் டெட்ராவை மட்டும் மறந்துவிடுங்கள்.

நன்மை செய்யும் பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதை ஊற்றினால் அன்றே மீன் விடலாமா?
– வாசகர், சேலம்

சில வேலை செய்கின்றன. சில வெறும் பழுப்பு நீர். பழைய தயாரிப்புகள் பலவற்றில் நைட்ரைட்டை மாற்றுவதற்கு நைட்ரோபேக்டர் என்னும் இனத்தைச் சேர்த்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தது என்று டிமதி ஹோவனெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் காட்டினார்கள். 2015-இல் இன்னும் வியப்பான ஒன்று தெரியவந்தது: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியொருவராகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராக்கள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த ஆய்வுக் குழுக்களுள் ஒன்று அவற்றைப் பெற்றது, நீரைச் சுழற்சி செய்யும் மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்துதான்.

சரியான இனமே பாட்டிலில் இருந்தாலும், அது உயிரோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. வெயிலில் நிற்கும் வண்டியிலும் கிடங்கிலும் கிடந்து வரும் பாட்டிலை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வாங்கினால் காலாவதி நாள் பார்த்து வாங்கி ஊற்றுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் மேலே கூறிய அம்மோனியாச் சோதனையில் தொட்டி தேறிய பிறகே மீன் விடுங்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல வெளுத்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பவா?
– வாசகி, புதுச்சேரி

வேண்டா. மிஞ்சிய கரிமப் பொருளைத் தின்று திடீரெனப் பெருகும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அவை. சில நாளில் தாமே அடங்கும். கூழாங்கல்லைச் சரியாகக் கழுவாததால் வந்த கலங்கல் என்றால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும்.

தொட்டியை வைக்கும் இடம், கசிவு, கற்கள் பற்றிச் சொல்லுங்கள். எந்தத் திசையில் வைப்பது நல்லது?
– வாசகர், நாகர்கோவில்

திசையைப் பொறுத்தவரை, நேர் வெயில் படாத திசை நல்லது. வெயில் பட்டால் நீர் சூடாகும், கண்ணாடியெங்கும் பாசி படரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை சுமார் 57 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து எடை 70 கிலோவைத் தாண்டலாம். சாதாரணத் தொலைக்காட்சி மேசை அதற்குப் போதாது. மேசை சமமட்டமாக இருக்க வேண்டும். விளிம்புச் சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியாயின் அடியில் முழுப் பரப்புக்கும் தெர்மாகோல் தாள் விரிக்க வேண்டும். ஒரு மணல் துகள் அடியில் சிக்கினாலும் அந்தப் புள்ளியில் கண்ணாடி விரியக்கூடும்.

கல், மணல் எதுவும் போடுவதற்கு முன்பு, முழுவதும் நீர் நிரப்பி இரண்டு நாள் வைத்து, ஒட்டுகளின் ஓரத்தில் காகிதத்தை வைத்து ஈரம் பாருங்கள். புதிதாக ஒட்டிய தொட்டியில் சிலிக்கானின் புளித்த நெடி முழுவதும் போன பிறகே நீர் ஊற்ற வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கானை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. தொட்டியையும் கற்களையும் நீரால் மட்டுமே கழுவுங்கள். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் எதுவும் ஆகாது. ஆற்றிலோ கடற்கரையிலோ எடுத்த கல்லின் மீது வினிகர் சில துளிகள் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். கருங்கல் நுரைக்காது.

காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்; கீழேதான் இடம் உண்டு என்றால் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். இல்லாவிடில் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே இறங்கிப் பம்புக்குள் வந்துவிடும். மின்கம்பிகள் பிளக்கை அடையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், கம்பியில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டும்.

குளோரின் நீக்கும் மருந்து அவசியமா? ஒரு நாள் வாளியில் வைத்தால் போதாதா?
– வாசகர், ஆவடி

வெறும் குளோரின் என்றால், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள், காற்றுக்குழாயும் போட்டால் அதற்கும் குறைவாகவே போதும். சில இடங்களில் சேர்க்கப்படும் குளோரமின் அவ்வாறு போகாது. அதற்கு மருந்து வேண்டும். மலிவான மருந்தான சோடியம் தயோசல்பேட் குளோரமினை உடைத்தாலும், அதிலிருந்து பிரியும் அம்மோனியா நீரிலேயே தங்கும். புதிய தொட்டியில் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஊட்டியில் இருக்கிறேன். ஹீட்டர் தேவையா?
– வாசகி, உதகமண்டலம்

தேவை. மீனுக்கு மட்டுமன்றி இந்தப் பாக்டீரியாக்களுக்கும் குளிர் ஆகாது. நீர் 15 டிகிரிக்கு இறங்கினால் மேலே சொன்ன ஆறு வாரம் பல மடங்காக நீளும். 26 டிகிரிக்கு வைத்துத் தொடங்குங்கள். சமவெளியில் இருப்போருக்கு ஹீட்டர் அநேகமாக வீண்செலவு.

சோதனையில் எல்லாம் பூச்சியம் வந்துவிட்டது. சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் ஒரே தடவையில் எல்லா மீனும் வாங்கிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

அம்மோனியா சேர்த்துத் தயாரித்த தொட்டி ஓரளவு முழுமையாகவே மீன் ஏற்கும். தீனி போட்டு வளர்த்த தொட்டிக்கு அந்த உறுதி கிடையாது. இரண்டாம் வகையாயின் முதலில் ஐந்தாறு சிறிய கப்பி அல்லது பிளாட்டி மட்டும் விட்டு, இரண்டு வாரம் கழித்து அடுத்த தொகுதியை வாங்குங்கள். எப்படித் தயாரித்திருந்தாலும், கடைசியாக அம்மோனியா சேர்த்த நாளுக்கும் மீன் விடும் நாளுக்கும் இடையே ஓரிரு நாளுக்கு மேல் போகவிட வேண்டா. உணவின்றி பாக்டீரியாக்களின் வேகம் குறையும்.

கொளத்தூரிலிருந்து ஈரோடு வரை மீன் பையில் பல மணி நேரம் இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நீண்ட பயணத்தில் மீனின் மூச்சால் பை நீர் அமிலமாகி, அதில் சேர்ந்த அம்மோனியா நச்சற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நச்சாகத் தொடங்கும். ஆகவே நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் துளித்துளியாக நீர் கலப்பது நல்லதன்று. மூடிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக விரைந்து கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டா. அன்று தீனி வேண்டியதில்லை, விளக்கையும் அணைத்து வையுங்கள். முதல் பத்து நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து வாருங்கள். ஏதேனும் ஒன்று தலைகாட்டினால் அன்றே தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய நீரால் பாதித் தொட்டியை மாற்றிவிடுங்கள்.